பத்தாயிரத்துக்குள் ஆடியோ இண்டர்ஃபேஸ்: மிருதங்கத்துக்கும் பாட்டுக்கும் எது சரி?

கேள்வி, 9 ஜூன் 2024

அண்ணா, நான் மிருதங்கம் வாசிக்கிறேன், அக்கா பாடுகிறாள். இதுவரை போனில்தான் பதிவு செய்கிறோம். வலந்தலை (வலப்பக்கத் தோல்) தகரம் தட்டுகிற மாதிரி வருகிறது, தொப்பி (கனத்த ஒலி தரும் இடப்பக்கத் தோல்) இருக்கும் இடமே தெரியவில்லை. மைக்கை லேப்டாப்போடு இணைக்கிற ஆடியோ இண்டர்ஃபேஸ் வாங்கலாம் என்று இருக்கிறோம், பட்ஜெட் பத்தாயிரம். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் உள்ளதைத்தான் வாங்க வேண்டும் என்று கடையில் சொல்கிறார்கள். 16 பிட், 48 என்று போட்ட பெட்டி பாதி விலைக்குக் கிடைக்கிறது. எது போதும்? மைக் இன்னும் வாங்கவில்லை. லேப்டாப் விண்டோஸ்.

9 ஜூன், இரவு

192 கிலோஹெர்ட்ஸை மறந்துவிடுங்கள் தம்பி. ஒலியை நொடிக்கு எத்தனை ஆயிரம் தடவை அளக்கிறது என்பதுதான் அந்த எண். 48 போதும், 44.1-ம் போதும். 44.1-இலேயே 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள ஒலி முழுதாகப் பதிவாகிவிடும். அதற்கு மேல் மனிதக் காதுக்கு எட்டாது. 192-இல் எடுத்தால் ஃபைல்தான் பெருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நாலு டிராக், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 2 ஜிபி. அதையே 192-இல் எடுத்தால் 8 ஜிபிக்கு மேல். பழைய லேப்டாப் பாதி வழியில் திணறும்.

24 பிட் வேண்டும். மிக மெல்லிய ஒலிக்கும் பலத்த ஒலிக்கும் நடுவே 16 பிட்டில் 96 டெசிபல் இடம், 24 பிட்டில் ஏட்டளவில் 144. உங்கள் வாத்தியம் மிருதங்கம் என்பதால் சொல்கிறேன். அளவு வைக்கும்போது எல்லோரும் மெல்லத்தான் வாசிப்பார்கள், மோரா (முடிப்பில் வரும் சொற்கட்டு) வரும்போது கை தன்னால் ஏறும். 24 பிட்டில் அளவைத் தாழ்வாகவே வைத்து, உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் (பூஜ்யம்தான் எல்லை, தாண்டினால் ஒலி உடையும்) நிற்கும்படி எடுத்துவிட்டு, பிறகு ஏற்றிக்கொள்ளலாம். 16 பிட்டில் அந்தத் தாராளம் இல்லை.

மைக்கே வாங்கவில்லை என்கிறீர்கள். பத்தாயிரம் பெட்டிக்கு மட்டுமா, மைக், ஸ்டாண்ட், கேபிள், ஹெட்போன் எல்லாம் சேர்த்தா? சேர்த்துத்தான் என்றால் மைக்கை முதலில் பாருங்கள். பெட்டி எதுவாக இருந்தாலும் ஓட்டிவிடலாம்.

10 ஜூன், காலை

நேற்று முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். இன்புட்டை எண்ணுங்கள்.

வலந்தலைப் பக்கம் ஒரு மைக், தொப்பிப் பக்கம் ஒன்று, அக்காவுக்கு ஒன்று. ஆக மூன்று. உங்கள் விலைக்குள் வருகிற பெட்டிகளில் பெரும்பாலும் இரண்டு மைக்தான் போட முடியும், சிலவற்றில் ஒன்றே ஒன்று.

பெயரில் இருக்கும் எண்ணை நம்பி வாங்கிவிடாதீர்கள். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 4ஐ4 என்றால் நாலு மைக் போடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அதில் மைக் பிரீஆம்ப் (மைக்கின் மெல்லிய மின்னளவை ஏற்றித் தரும் பகுதி) இரண்டுதான். மற்ற இரண்டும் லைன் இன்புட், கீபோர்டு மாதிரியானவற்றுக்கு. மோட்டு எம்4-ம் அப்படியே. பெஹ்ரிங்கர் யூஎம்சி 204எச்டியில் அந்த 4 என்பது வெளியே போகிற அவுட்புட்டுகள். நாலு மைக்கை நேராகச் செருக வேண்டும் என்றால் யூஎம்சி 404எச்டி, ஆடியன்ட் ஈவோ 8 மாதிரி பெட்டிக்குப் போக வேண்டும். விலை ஏறிவிடும்.

வேலைக்குக் கிளம்புகிறேன். மிச்சம் இரவு.

10 ஜூன், இரவு

என் முதல் பெட்டியைப் பற்றி. கம்பெனிப் பெயர் வேண்டாம். ஆறு வருஷத்துக்கு முன் கிடைத்ததிலேயே மலிவானது. மைக்குக்கு ஒன்று, கிட்டாருக்கு ஒன்று என்று இரண்டு இன்புட், முன்னால் மூன்று குமிழ். ஒலி மோசம் என்று சொல்ல மாட்டேன். கோளாறு டிரைவரில் இருந்தது. விண்டோஸில் அதற்கென்று சொந்தமாக ஏஸியோ டிரைவர் கிடையாது. ஏஸியோ என்பது ஸ்டைன்பெர்க் கம்பெனி 1997-இல் கொண்டுவந்தது. விண்டோஸின் பொதுப் பாதையில் சுற்றிக்கொண்டு போகாமல் ரெக்கார்டிங் மென்பொருள் நேராகப் பெட்டியோடு பேசுவதற்கான வழி அது. சொந்த டிரைவர் இல்லாத பெட்டிகளுக்கு ஏஸியோ4ஆல் என்ற பொது டிரைவரைப் போட்டுச் சமாளிப்பார்கள். நானும் போட்டேன்.

தங்கை பாடிய கீர்த்தனை ஒன்று பதிவாகி இருந்தது. அவள் கல்யாணமாகித் தஞ்சாவூர் போன பிறகு, அதற்கு மேல் மிருதங்கம் சேர்க்கலாம் என்று நண்பர் ஒருவரை வீட்டுக்கு அழைத்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, பாட்டுக்குள்ளேயே போய் வாசித்தார். எதிரில் உட்கார்ந்து பார்த்த எனக்கே புல்லரித்தது. திருப்பிப் போட்டுக் கேட்டால் மிருதங்கத்தின் ஒவ்வொரு சொல்லும் (அடியும்) பின்தங்கி விழுகிறது. சமத்தில் (தாளம் தொடங்கும் இடத்தில்) பாட்டு முதலில் வருகிறது, மிருதங்கம் அப்புறம் வருகிறது. மனிதர் முகம் சுண்டிவிட்டது. “என் காலப்பிரமாணம் இவ்வளவு தளர்ந்துபோச்சா?” என்றார். இருபத்தைந்து வருஷம் வாசித்தவர். எனக்கும் அப்போது ஒன்றும் தெரியாது. இன்னொரு தடவை எடுக்கலாம் என்றேன். மூன்று தடவை எடுத்தோம். மூன்றிலும் அதே பின்தங்கல், அதே அளவு.

அவர் போன பிறகு அந்த ‘அதே அளவு’தான் மனசில் உறுத்தியது. மனிதக் கை பிசகினால் ஒரு இடத்தில் கூடும், ஒரு இடத்தில் குறையும். இப்படி ஒரே சீராகப் பிசகாது.

ராத்திரியே சோதித்தேன். ஹெட்போன் அவுட்டிலிருந்து ஒரு கேபிளை எடுத்து அதே பெட்டியின் இன்புட்டில் செருகினேன். ஒரு டிராக்கில் மெட்ரோனோம் ஒலியை ஓடவிட்டு, அதையே அடுத்த டிராக்கில் பதிவு செய்தேன். இரண்டையும் பெரிதாக்கிப் பார்த்தால், பதிவான டிக் 38 மில்லிசெகண்ட் தள்ளிக் கிடக்கிறது. நிமிஷத்துக்கு 80 அட்சரம் என்றால் ஒரு அட்சரம் 750 மில்லிசெகண்ட். மேல்காலத்தில் அட்சரத்துக்கு எட்டு சொல் விழும்போது ஒரு சொல்லுக்குக் கிடைப்பது 94-க்கும் கொஞ்சம் குறைவு. அதில் 38 போனால் என்ன மிஞ்சும்!

டிரைவர் தன் தாமதத்தைச் சரியாகச் சொன்னால் மென்பொருள் அந்த அளவுக்கு டிராக்கை முன்னால் இழுத்துத் தானே சரிசெய்துவிடும். என்னுடையது தவறாகச் சொல்லிக்கொண்டிருந்தது. ரீப்பர் என்ற ரெக்கார்டிங் மென்பொருளில் அதைக் கையால் திருத்த இடம் இருக்கிறது. 38-ஐப் போட்டேன், மிருதங்கம் பாட்டின் மேல் அப்படியே வந்து உட்கார்ந்தது. விடிந்ததும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் வைத்துப் போட்டுக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, காபி ஆறிப்போனதைக்கூடப் பார்க்காமல், “மறுபடி போடு” என்றார்.

11 ஜூன்

பாடும்போது ஹெட்போனில் தன் குரலே பின்னால் வருகிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் நேற்றுச் சொன்னதும் இதுவும் வேறு வேறு. பஃபர் (லேப்டாப் ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் அளவு) 512 சாம்பிள் என்று வைத்திருந்தால், 44.1-இல் உள்ளே வரவே 11.6 மில்லிசெகண்ட் ஆகும். திரும்பி வெளியே போக இன்னொரு 11.6. அதற்கு மேல் டிரைவர் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். பெட்டியில் டைரக்ட் மானிட்டர் என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் குரல் லேப்டாப்புக்குப் போய்த் திரும்பாமல் பெட்டியிலிருந்தே காதுக்கு வந்துவிடும். அழுத்திய கையோடு மென்பொருளில் அந்த டிராக்கின் மானிட்டரை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் குரல் இரட்டையாகக் கேட்கும்.

12 ஜூன்

“பெட்டி எதுவாக இருந்தாலும் ஓட்டிவிடலாம்” என்று 9-ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அடுத்த நாள் இரவு நானே எழுதியது அதற்கு நேர் எதிர். சொந்த ஏஸியோ டிரைவர் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். அந்தக் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்கும் உங்கள் விண்டோஸுக்கும் டிரைவர் இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே தேடிப் பாருங்கள். பொது டிரைவரைப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தால் அந்தப் பெட்டியை விட்டுவிடுங்கள். மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. பெரும்பாலான பெட்டிகள் அங்கே டிரைவர் இல்லாமலே ஓடும்.

16 பிட்டைப் பற்றியும் கொஞ்சம் அழுத்திச் சொல்லிவிட்டேன். உச்சத்தை மைனஸ் 12-இல் வைத்தாலும் 16 பிட்டில் 84 டெசிபல் மிஞ்சும். நம் வீட்டு அறைகளின் இரைச்சல் அதைவிட எவ்வளவோ மேலே நிற்கிறது. ஆகவே பிட் கணக்கால் பாட்டு கெடாது. அந்த விலைப் பெட்டிகளில் டிரைவரும், குமிழைக் கடைசி வரை திருகினால் கேட்கும் ‘ஸ்ஸ்’ சத்தமும்தான் பிரச்சினை. ஆனாலும் 24 பிட் பெட்டியைத்தான் சொல்வேன், ஏனென்றால் டிரைவரும் பிரீஆம்பும் ஒழுங்காக உள்ளவை எல்லாம் 24 பிட்டாகத்தான் வருகின்றன.

13 ஜூன்

கெயின், அதாவது மைக்கின் ஒலியைப் பெட்டி எவ்வளவு ஏற்றித் தரும் என்ற அளவு. இதைப் பெட்டியின் அட்டையில் பெரிதாகப் போட மாட்டார்கள், கையேட்டில் எங்கேயோ கடைசிப் பக்கத்தில் இருக்கும். தேடிப் பாருங்கள்.

கச்சேரி மேடைகளில் பார்க்கிற ஷூர் எஸ்எம்58 டைனமிக் மைக். 1966-இலிருந்து வருகிறது, கீழே போட்டாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அது தருகிற மின்னளவு ரொம்பக் குறைவு. ஒரே ஒலிக்கு எஸ்எம்58 தருவது 1.85 மில்லிவோல்ட் என்றால், ஆடியோ டெக்னிகா ஏடி2020 மாதிரி கண்டென்சர் (மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் வகை மைக்) தருவது 14.1. டெசிபலில் சொன்னால் 17-க்கு மேல் வித்தியாசம். அந்த 17-ஐயும் உங்கள் பெட்டிதான் ஏற்றித் தர வேண்டும். ஸ்கார்லெட் 2ஐ2 மூன்றாம் தலைமுறையில் கெயின் 56 டெசிபல். 2023-இல் வந்த நாலாம் தலைமுறையில் 69. அதே நாலாம் தலைமுறை சோலோவில் 57-தான், விலை வித்தியாசத்தில் பாதி இங்கேதான் போகிறது என்பது என் எண்ணம். ஈவோ 4-இல் 58.

மிருதங்கம் சத்தமான வாத்தியம், பக்கத்தில் வைத்த டைனமிக் மைக்குக்கு எந்தப் பெட்டியின் கெயினும் போதும். அக்கா குரல் எப்படி? கணீரென்று பாடுபவரா, மெல்லப் பாடுபவரா? மெல்லிய குரலுக்கு எஸ்எம்58-ஐ மாட்டிச் சின்னப் பெட்டியில் பாடினால் குமிழ் கடைசியில்தான் நிற்கும். அங்கே இரைச்சல் சேரும். அப்படிப்பட்ட குரலுக்குக் கண்டென்சர் நல்லது. ஆனால் கண்டென்சர் ஃபேனையும் கேட்கும், தெரு நாயையும் கேட்கும், அம்மாவின் குக்கரையும் கேட்கும். டைனமிக் மைக் அவ்வளவாகக் கேட்காது.

பாதி விலைக்கு எஸ்எம்58 தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். போலி நிறையச் சுற்றுகிறது.

14 ஜூன்

கண்டென்சருக்கு 48 வோல்ட் ஃபாண்டம் பவர் (பெட்டி கேபிள் வழியே மைக்குக்குத் தரும் மின்சாரம்) வேண்டும். ஆன்லைனில் முந்நூறு நானூறு ரூபாய் கேபிளோடு வருகிற சில மைக்குகளில் ஒரு முனை எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் உள்ள மைக் முனை), மறு முனை 3.5 பின். அந்தக் கேபிளில் 48 வோல்ட் போகாது. இரண்டு முனையும் எக்ஸ்எல்ஆர் உள்ள கேபிள் தனியாக வாங்குங்கள். 48 வோல்ட் பொத்தானைப் போடும்போதும் அணைக்கும்போதும் ஹெட்போனைக் கழற்றிவிடுங்கள், ‘டப்’ என்று காதில் அடிக்கும்.

16 ஜூன், ஞாயிறு

முந்தாநாளுக்கு முந்தின நாள் ஃபேன் பற்றி எழுதியதைச் சோதித்துப் பார்க்காமல் எழுதிவிட்டேன். இன்று சோதித்தேன், அது சரியில்லை.

டைனமிக் ஒன்று, கண்டென்சர் ஒன்று, இரண்டையும் ஒரே ஸ்டாண்டில் பக்கத்துப் பக்கத்தில் கட்டினேன். வாயிலிருந்து நாலு விரல் தூரம், மேலே ஃபேன் மூன்றில். ஒரு வரி பாடிவிட்டுப் பத்து நொடி சும்மா இருந்தேன். பிறகு இரண்டு டிராக்கிலும் குரல் ஒரே அளவுக்கு வரும்படி ஏற்றி இறக்கிக் கேட்டால், ஃபேன் சத்தம் கிட்டத்தட்ட ஒன்றுதான். கண்டென்சரில் அந்த உயர்ந்த ‘ஸ்ஸ்’ சாயல் கொஞ்சம் கூட, அவ்வளவே.

ஆக, மைக் வகையைவிடத் தூரம்தான் பெரிய வித்தியாசம் செய்கிறது. டைனமிக் மைக்கை வாயருகே பிடிக்கிறோம், கண்டென்சரை ஒன்றரை அடி தள்ளி நிறுத்துகிறோம். தள்ளி நின்றால் குரல் இறங்கும், ஃபேன் அப்படியே இருக்கும். தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபல் ஏறும், இதற்கு ஒரு காசு செலவில்லை.

ஃபேனை நிறுத்திவிடுவதுதான் எல்லாவற்றையும்விட நல்லது. திருச்சி வெயிலில் நாலு பாட்டுக்கு மேல் தாங்காது, அதனால் நாங்கள் விடியற்காலை நாலரைக்கு எடுப்போம். ஐந்தே காலுக்குக் குயில் ஆரம்பித்துவிடும், அதற்குள் முடித்தாக வேண்டும். “உங்க ரெக்கார்டிங்குக்கு மார்கழியில வாங்க, இப்ப முடியாது” என்று தங்கை சொல்வாள். மார்கழியில் நாலரைக்குக் கோயில் ஸ்பீக்கர் முந்திக்கொள்ளும்.

19 ஜூன்

கும்பகோணத்திலிருந்து ஒருவர், வீணையில் கான்டாக்ட் மைக் ஒட்டி இண்டர்ஃபேஸில் செருகினால் ‘ம்ம்ம்’ என்று அடியில் ஓடுகிறது, பெட்டியை மாற்றலாமா என்று கேட்கிறார். மாற்றாதீர்கள். மூன்றைப் பாருங்கள்.

முதலில், கான்டாக்ட் மைக்கை லைன் என்று வைத்துச் செருகியிருந்தால் ஒலி மெலிந்து, கீழ் ஸ்தாயி வற்றிப்போகும். கிட்டார் படம் போட்ட, அல்லது ‘இன்ஸ்ட்’ என்று எழுதிய பொத்தானை அழுத்துங்கள். அந்த வகை மைக்குக்குப் பத்து லட்சம் ஓம் அளவுக்கு உயர்ந்த இன்புட் வேண்டும்.

இரண்டாவது, லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் பெட்டி மேல் குற்றமில்லை. தங்கை வீட்டில் இதே கதை நடந்தது. சார்ஜரைப் பிடுங்கினால் அமைதி, செருகினால் ‘ம்ம்ம்’. வீணையின் பித்தளை மெட்டைத் தொட்டால் சத்தம் மாறுகிறது. எலக்ட்ரீஷியனை வரச் சொன்னோம். அவர் டெஸ்ட் லாம்ப்பை ஃபேஸுக்கும் மேலே உள்ள எர்த் துளைக்கும் நடுவே வைத்தார், பல்ப் எரியவே இல்லை. பலகையைக் கழற்றினால், பச்சை ஒயர் சுருட்டப்பட்டு உள்ளே சும்மா கிடக்கிறது. முனையில் இன்சுலேஷன்கூடச் சீவவில்லை. பதினோரு வருஷம் அந்த வீட்டில் அந்தச் சாக்கெட்டுக்கு எர்த் இல்லை. ஃப்ரிட்ஜ் சாக்கெட்டும் அப்படித்தான் இருந்தது. இண்டர்ஃபேஸ் வாங்கியதால் அது தெரியவந்தது, இன்றைக்கு நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. குழந்தை இருக்கும் வீடு.

சத்தத்தை நிறுத்த சார்ஜரின் எர்த் பின்னை உடைத்துவிடச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மூன்றாவது, ஃபேன் ரெகுலேட்டர். எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில் இரண்டு, மூன்றில் வைத்தால் ‘ஜ்ர்ர்’ என்று ஒரு சத்தம் கான்டாக்ட் மைக்கில் ஏறும். முழு வேகத்தில் வைத்தாலோ நிறுத்தினாலோ போய்விடும். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போதும் இப்படி வரும். அப்போது பதிவு வேண்டாம், ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

23 ஜூன்

பழைய பெட்டி வாங்கலாமா என்று தம்பி கேட்டிருக்கிறார். தாராளமாக. இரண்டாம், மூன்றாம் தலைமுறை ஸ்கார்லெட்டுகள் நல்ல விலைக்குக் கைமாறுகின்றன. போகும்போது உங்கள் லேப்டாப், உங்கள் யூஎஸ்பி கேபிள், ஹெட்போன், முடிந்தால் யாரிடமாவது கேட்டு ஒரு கண்டென்சர் மைக், எல்லாம் எடுத்துப் போங்கள். 48 வோல்ட் வேலை செய்கிறதா என்று கண்டென்சரை மாட்டினால்தான் தெரியும். ஒவ்வொரு குமிழையும் மெல்லத் திருகும்போது கரகரவென்று கேட்கக் கூடாது. யூஎஸ்பி செருகிய இடத்தை விரலால் லேசாக அசையுங்கள், தொடர்பு விட்டுப்போனால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். ஃபயர்வயர் பெட்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். செருக இன்றைய லேப்டாப்பில் இடமே இல்லை.

30 ஜூன்

“கடைசியாக எதைத்தான் வாங்குவது, ஒரு பேர் சொல்லுங்கள் அண்ணா” என்று வந்திருக்கிறது. நியாயமான கேள்வி. விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது, அதைக் கடையில் பாருங்கள். என் பணமாக இருந்தால் யூஎம்சி 202எச்டி. இரண்டு மைக், 24 பிட், விண்டோஸுக்குச் சொந்த ஏஸியோ டிரைவர், யூஎஸ்பியிலேயே ஓடும். மிச்சப் பணத்தில் ஒரு டைனமிக் மைக், ஒரு சுமாரான கண்டென்சர், இரண்டு ஸ்டாண்ட், இரண்டு எக்ஸ்எல்ஆர் கேபிள். பத்தாயிரத்தைத் தாண்டத்தான் தாண்டும். மைக் ஒன்றைக் கடன் கேட்டுச் சமாளிக்க முடிந்தால் கேளுங்கள், கச்சேரி வட்டத்தில் யாரிடமாவது இருக்கும். கொஞ்சம் காத்திருந்து சேர்க்க முடியும் என்றால் ஈவோ 4 அல்லது ஸ்கார்லெட் 2ஐ2 நாலாம் தலைமுறை. இரண்டும் அளவைத் தானே கேட்டு வைக்கும் வசதியுள்ளவை. சோதனையில் மோராவையே வாசித்துக் காட்டுங்கள், அப்புறம் அது வைத்த அளவிலிருந்து இன்னும் ஆறு டெசிபல் இறக்குங்கள்.

நான் இப்போது வைத்திருப்பது யூஎம்சி 404எச்டி. நாலு மைக் வேண்டும் என்பதற்காக வாங்கினேன், அதற்கு யூஎஸ்பி போக அடாப்டர் தனியாகச் செருக வேண்டும்.

மூன்று மைக் வேண்டும் என்று 10-ஆம் தேதி சொன்னேனே, இரண்டு இன்புட் பெட்டியில் என்ன செய்வது? அக்காவை முதலில் எடுத்துவிட்டு, பிறகு நீங்கள் இரண்டு மைக்கில் வாசித்துச் சேர்க்கலாம். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. நிரவலில் (ஒரே வரியைப் பல விதமாகப் பாடும்போது) அக்கா ஒரு வரியை எங்கே நிறுத்தப் போகிறாள் என்று அவள் முகத்தைப் பார்த்து வாசிப்பது வேறு. ஆகவே ஒரே நேரத்தில் எடுங்கள், மிருதங்கத்துக்கு ஒரே மைக். முன்னால் இரண்டு அடி தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம், இரண்டு தலைக்கும் நடுவே கொஞ்சம் தொப்பிப் பக்கம் திருப்பி. போனில் தொப்பி காணாமல் போனது போன் மைக்காலும் ஸ்பீக்கராலும். இதில் வரும்.

என்றைக்காவது இரண்டு பக்கமும் மைக் வைத்தால், ஒரு டிராக்கில் ஃபேஸ் இன்வெர்ட்டை (ஒலி அலையைத் தலைகீழாக்கும் பொத்தான்) போட்டும் போடாமலும் கேளுங்கள். ஒரு தோலை அடிக்கும்போது அது உள்ளே போகிறது, உள்ளே இருக்கும் காற்று மறு தோலை வெளியே தள்ளுகிறது. இரண்டு மைக்கும் எதிரெதிராகக் கேட்பதால் கும்கி (தொப்பியில் வழுக்கி எழும் கனத்த நாதம்) கரைந்துபோகும். பொத்தானை மாற்றியதும் தொப்பி தடித்து வந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.

14 ஜூலை

வேறு விஷயம், ஆனால் இதே பெட்டி. போன வாரம் பரண் சுத்தம் செய்யும்போது அப்பாவின் கேசட் பெட்டி கிடைத்தது. முப்பத்திரண்டு கேசட். பாதி, கோயில் உற்சவத்தில் அப்பாவே மடியில் டேப்ரிக்கார்டரை வைத்து எடுத்தவை. கேசட் டெக்கின் பின்னால் சிவப்பு, வெள்ளை என்று இரண்டு ஆர்சிஏ அவுட். அதிலிருந்து கால் அங்குலப் பின் கேபிள் இரண்டை இண்டர்ஃபேஸின் இரண்டு இன்புட்டில் செருகி, இரண்டையும் லைனில் வைத்தால் போதும். கெயின் கிட்டத்தட்ட அடியிலேயே நிற்கும். டெக்கின் தலையைப் பஞ்சில் ஐசோபிரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டுத் துடைத்துவிட்டு ஆரம்பியுங்கள், பஞ்சு பழுப்பாக வரும். ஒவ்வொரு கேசட்டையும் போடுவதற்கு முன் ஒரு முறை முழுக்க முன்னும் பின்னும் ஓட்டுங்கள், ஒட்டிக்கொண்டிருக்கும் டேப் விடும்.

பதினேழாவது கேசட்டில், தனி ஆவர்த்தனம் முடிந்து கைதட்டல் அடங்குவதற்குள், மைக்குக்கு ரொம்பப் பக்கத்தில் அப்பாவின் குரல். “அட, அட.” இரண்டே சொல். அப்பா போய் ஒன்பது வருஷம். அதற்கு முன்னும் பின்னும் டேப் இரைச்சல் இருக்கிறது, மென்பொருளில் எடுத்துவிடலாம். நான் எடுக்கவில்லை.

28 ஜூலை

தம்பி பெட்டி வாங்கிவிட்டார், 202எச்டிதான். டைனமிக் மைக் வாத்தியார் கொடுத்தாராம், கண்டென்சர் சொந்தம். நேற்றுக் காலை எடுத்த ஃபைலை அனுப்பியிருக்கிறார், நாலு நிமிஷம். காலையிலிருந்து ஐந்தாறு தடவை கேட்டுவிட்டேன்.

தம்பி, தொப்பி வந்துவிட்டது. அனுபல்லவி முடிகிற இடத்தில் அந்தக் கும்கி அப்படியே நெஞ்சில் வந்து நிற்கிறது. அக்கா குரலில் ‘ச’ எல்லாம் கொஞ்சம் கூர்மையாகக் குத்துகிறது. மைக்கை அவர் வாய்க்கு நேரே வைக்காமல் இரண்டு விரல் கீழே இறக்கி, மூக்கைப் பார்க்கும்படி சாயுங்கள். மிருதங்க டிராக்கில் அக்கா குரல் கசிகிறது, அது இருக்கட்டும், அதனால்தான் ஒரே அறையில் இருக்கிற மாதிரி கேட்கிறது. உச்சம் மைனஸ் 3-ஐத் தொடுகிறது, இன்னும் இறக்குங்கள்.

இரண்டாவது நிமிஷம் பத்தாவது நொடியிலிருந்து பின்னால் லேசாக மாரியம்மன் பாட்டு. ஆடி மாதம், ஸ்பீக்கர் எந்தப் பக்கம் கட்டியிருக்கிறார்கள் என்று பார்த்து, மைக்கின் முதுகு அந்தப் பக்கம் இருக்கும்படி உட்காருங்கள். முழுக்கப் போகாது, பாதி குறையும். அடுத்த ஃபைலை அனுப்பும்போது சரணத்தையும் சேர்த்து எடுங்கள், நடுவில் நின்றுவிட்டது.